ஜெனரேட்டரில் ஓடும்போது ஆர்க் ஃபிளாஷ்: கரண்ட் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவா?

கேள்வி இது. ஒரு மெயின் பேனலுக்கு 1000 கேவிஏ ட்ரான்ஸ்ஃபார்மர் ஒரு பக்கம், அதே 1000 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் மறுபக்கம், இரண்டும் 415 வோல்ட். ஆர்க் ஃபிளாஷ், அதாவது ஷார்ட் சர்க்யூட்டில் காற்றினூடே எரியும் மின்வில்லின் வெப்பவீச்சு, எதிரே நிற்பவரை எவ்வளவு சுடும் என்று ட்ரான்ஸ்ஃபார்மரை வைத்துக் கணக்குப் போட்டு, அந்த எண்ணைப் பேனலில் லேபிளாக ஒட்டியாகிவிட்டது. ஜெனரேட்டர் தரும் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் அதில் பாதிகூட வராது. அதனால் அதே லேபிள் இதற்கும் போதும், இன்னும் பாதுகாப்பான பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று ஆலோசகர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

கூடாது. கரண்ட் குறைவு என்பது உண்மை. அதிலிருந்து ஆபத்து குறைவு என்று தாவுவதுதான் தவறு. ஆர்க் எரியும்போது எதிரே நிற்பவரின் தோலுக்கு எவ்வளவு வெப்பம் வந்து சேருகிறது என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஆர்க்கில் ஓடும் கரண்ட், அது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது. கரண்ட் பாதியானால் வெப்பமும் ஏறத்தாழ பாதியாகும். ஆனால் கரண்ட் குறைந்ததால் பிரேக்கர் தாமதித்தால், நேரம் நாற்பது மடங்குகூட ஆகிவிடும். நேரமும் அதே விகிதத்தில் வெப்பத்தைக் கூட்டும்.

எண்களாகவே பார்த்துவிடலாம். ஆர்க் ஃபிளாஷ் கணக்குக்கான தரநிலையான ஐஇஇஇ 1584-இன் 2002 பதிப்புச் சமன்பாடுகளை எடுத்துக்கொள்கிறேன், கையால் போட்டுச் சரிபார்க்க அவை எளிது. பேனல் பெட்டி, பஸ்பார்களுக்கிடையே 25 மில்லிமீட்டர் இடைவெளி, வேலை செய்யும் தூரம் 455 மில்லிமீட்டர், நியூட்ரல் நேரடியாக எர்த் செய்யப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நடப்பில் உள்ள 2018 பதிப்பில் எலக்ட்ரோடுகள் எந்தத் திசையில் நிற்கின்றன, பெட்டி எவ்வளவு பெரிது என்பதெல்லாம் கணக்கில் வருகின்றன. எர்த்திங் முறையோ கணக்கிலிருந்து போய்விட்டது. ஆகவே எண்கள் மாறும், ஆனால் நான் சொல்ல வரும் கதை மாறாது. லேபிளுக்கான கணக்கை 2018 பதிப்பில்தான் போட வேண்டும்.

முழுச் சுமைக் கரண்ட் இரண்டுக்கும் 1391 ஆம்பியர். ட்ரான்ஸ்ஃபார்மரின் இம்பிடன்ஸ், அதாவது கரண்டுக்கு அது தரும் உள்தடை, 5 சதவீதம் என்றால் அதிகபட்ச ஃபால்ட் (ஷார்ட் சர்க்யூட்) கரண்ட் 27.8 கிலோ ஆம்பியர். ஜெனரேட்டரின் சப்டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ், அதாவது ஃபால்ட் தொடங்கும் கணத்தில் அது தரும் உள்தடை, 12 சதவீதம் என்றால் முதல் கணத்தில் 11.6 கிலோ ஆம்பியர். இவை முனைகளை உலோகத்தால் இறுக்கி இணைத்தால், அதாவது நேரடி ஃபால்ட்டில், ஓடும் கரண்ட். ஆர்க்கில் அதைவிடக் குறைவாகத்தான் ஓடும். சமன்பாட்டின்படி ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் 13.7, ஜெனரேட்டர் பக்கம் தொடக்கத்தில் 6.7 கிலோ ஆம்பியர்.

இனி பிரேக்கர். 1600 ஆம்பியர் பிரேக்கர், இன்ஸ்டன்டேனியஸ் செட்டிங் (தாமதமின்றித் திறக்கும் கரண்ட் எல்லை) 9.6 கிலோ ஆம்பியர், ஷார்ட் டைம் பிக்கப் (சிறு தாமதத்துக்குப் பின் திறப்பதற்காக எண்ணத் தொடங்கும் எல்லை) 5.6 கிலோ ஆம்பியர், அதன் தாமதம் 0.3 நொடி. ட்ரான்ஸ்ஃபார்மரில் ஓடும்போது 13.7 கிலோ ஆம்பியர் இன்ஸ்டன்டேனியஸைத் தாண்டிவிடுகிறது. ஆர்க் கரண்டை வழக்கம்போல 15 சதவீதம் குறைத்துப் பார்த்தாலும் தாண்டுகிறது. 0.05 நொடியில் பிரேக்கர் திறக்கிறது. தோலுக்கு வரும் வெப்பம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.4 கலோரி. இரண்டாம் நிலைத் தீக்காயம் தொடங்கும் எல்லை 1.2 கலோரி. ஆகவே இதுவும் ஆபத்துதான், ஆனால் சாதாரண ஆர்க் உடையே தாங்கும் அளவு.

ஜெனரேட்டருக்கு அரைகுறையாகப் போடும் கணக்கு எப்படிப் போகும் என்று பாருங்கள். 6.7 கிலோ ஆம்பியர் இன்ஸ்டன்டேனியஸை எட்டவில்லை, ஷார்ட் டைமை எட்டுகிறது. எனவே 0.3 நொடி தாமதம், பிரேக்கர் திறக்க இன்னும் 0.05 நொடி. விடை 7.6 கலோரி. 8 கலோரி உடை போதும் என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதிகபட்சக் கரண்டை எடுத்தோம், அதனால் விடை பாதுகாப்பான பக்கத்தில் இருக்கும் என்ற நம்பிக்கை வேறு.

அந்த 6.7 கிலோ ஆம்பியர் நிலைத்து நிற்பதே இல்லை. ஜெனரேட்டரின் ஃபால்ட் கரண்ட் பிறந்த கணத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ரோட்டரில் உள்ள டாம்ப்பர் வைண்டிங்கில் தூண்டப்படும் கரண்ட் ஓரிரு சைக்கிளில் தேய்ந்துவிடும். அதோடு சப்டிரான்சியன்ட் பகுதி முடிகிறது. பிறகு அடுத்த கட்டத்தின் உள்தடையான டிரான்சியன்ட் ரியாக்டன்ஸின் ஆட்சி. 18 சதவீதம் என்றால் நேரடி ஃபால்ட்டுக்கு 7.7 கிலோ ஆம்பியர், ஆர்க்கில் சுமார் 4.8. அதுவும் ரோட்டரில் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு வைண்டிங்கின் டைம் கான்ஸ்டன்டுக்கு (எவ்வளவு வேகமாகத் தேயும் என்பதன் அளவு) ஏற்பத் தேய்ந்து, கடைசியில் ஏவிஆர், அதாவது வோல்டேஜைச் சீராக வைக்கும் கருவி, தாங்கிப் பிடிக்கும் அளவில் வந்து நிற்கும். எக்ஸைட்டேஷனுக்கு, அதாவது ஃபீல்டுக்குக் கரண்ட் ஊட்டுவதற்கு, தனியே ஒரு சிறிய பெர்மனன்ட் மேக்னட் ஜெனரேட்டர் பூட்டியிருந்தால் அது வழக்கமாக முழுச் சுமையின் மூன்று மடங்கு, சுமார் 10 நொடிக்கு. அதாவது 4.2 கிலோ ஆம்பியர், ஆர்க்கில் 2.9.

இப்போது பிரேக்கரின் கண்ணால் பாருங்கள். ஷார்ட் டைம் உறுப்பு 6.7-ஐப் பார்த்து எண்ணத் தொடங்குகிறது. 0.3 நொடி முடிவதற்கு வெகுமுன்பே கரண்ட் 5.6-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. உறுப்பு ரீசெட் ஆகிவிடுகிறது. மிச்சம் இருப்பது ஓவர்லோடு உறுப்புதான். 2.9 கிலோ ஆம்பியர் என்பது 1600-இன் 1.8 மடங்கு. ஆறு மடங்குக்கு 10 நொடி என்று செட் செய்திருந்தால், இந்தக் கரண்டுக்கு ட்ரிப் ஆக ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆகும். பிரேக்கரைப் பொறுத்தவரை அது வெறும் ஓவர்லோடு.

கணக்கில் நேரத்தை 2 நொடியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். எதிரே இருப்பவர் அதற்குள் விலகிவிடுவார் என்ற அனுமானம். அப்படியே எடுத்தாலும் முதல் 0.05 நொடியில் 1.1 கலோரி, 0.3 நொடி வரை இன்னும் 3.8 கலோரி, அதன் பிறகு 2 நொடி வரை 15 கலோரி. மொத்தம் சுமார் 20. ட்ரான்ஸ்ஃபார்மர் லேபிளில் 2.4, அரைகுறை ஜெனரேட்டர் கணக்கில் 7.6, உண்மையில் 20. பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள்: எல்லோரும் பயப்படும் அந்தத் தொடக்கச் சீற்றத்திலிருந்து அல்ல, யாரும் கண்டுகொள்ளாத அந்த 2.9 கிலோ ஆம்பியரிலிருந்து. டிரான்சியன்ட் கட்டத்துக்கு நான் ஒரே கரண்டை எடுத்து எளிதாக்கியிருக்கிறேன். சிறு சிறு நேரத்துண்டுகளாகப் பிரித்துக் கூட்டினால் எண் கொஞ்சம் நகரும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 6.7 கிலோ ஆம்பியர் 2 நொடி முழுக்க ஓடுகிறது என்று எடுத்தால் 43 கலோரி வரும். அதைப் பார்த்துவிட்டு, 40-ஐத் தாண்டினால் வேலையே கூடாது என்ற பழக்கத்தில் பேனலையே தொடாமல் விடுவார்கள், அல்லது அசையவே முடியாத கனமான உடையில் ஆளை அனுப்புவார்கள். தேய்மானத்தைக் கணக்கில் எடுக்காதது ஒரு முறை குறைத்துக் காட்டும், மறுமுறை கூட்டிக் காட்டும். எது நடக்கும் என்பது பிரேக்கர் செட்டிங்கைப் பொறுத்தது. அதனால்தான் அதிகபட்சத்தை எடுத்தால் பாதுகாப்பு என்ற விதி இங்கே வேலைக்கு ஆகாது.

சாஃப்ட்வேரில் போட்டால் இதெல்லாம் தானாகவே வந்துவிடாதா என்று கேட்பீர்கள். வரலாம், நீங்கள் கேட்டால். ஷார்ட் சர்க்யூட் கணக்குக்கான தரநிலையான ஐஇசி 60909 முறையில் முதன்மையாகக் கிடைப்பது தொடக்கக் கரண்ட். கரண்ட் நேரத்தோடு எப்படி இறங்குகிறது என்பதை முழுதாகக் கணக்கிட ஐஇசி 61363-1 போன்ற முறை வேண்டும். அது கப்பல்களுக்கும் கடல்மேடைகளுக்கும் எழுதப்பட்டது, ஜெனரேட்டரை மட்டும் நம்பி வாழும் இடங்கள் அவை என்பதால். ஆர்க் ஃபிளாஷ் பகுதியில் ஜெனரேட்டர் கரண்ட் தேய்வதைச் சேர்க்கும் தேர்வு இருக்கிறதா, அது இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறிக்கையில் எல்லா இடத்திலும் ஒரே கரண்ட் நேரம் முழுக்க நின்றிருந்தால் அது இயக்கத்தில் இல்லை என்று அர்த்தம்.

இந்தக் கணக்குக்கு வேண்டிய தரவு ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையில் கிடைக்காது. ஆல்டர்னேட்டர் (செட்டில் என்ஜின் சுழற்ற மின்சாரம் தரும் பகுதி) தயாரிப்பாளரின் டேட்டா ஷீட் வேண்டும். சப்டிரான்சியன்ட், டிரான்சியன்ட், சிங்க்ரனஸ் என மூன்று ரியாக்டன்ஸ், அவற்றின் டைம் கான்ஸ்டன்டுகள், முடிந்தால் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் நேரத்தோடு இறங்குவதைக் காட்டும் டிக்ரிமென்ட் வளைகோடு. இதில் அதிகம் தவறுவது பேஸ் கேவிஏ, அதாவது அந்தச் சதவீதங்கள் எந்தக் கேவிஏ-வுக்கானவை என்பது. செட்டின் பலகையில் 1000 என்று இருக்கும். உள்ளே பூட்டிய ஆல்டர்னேட்டர், பெரிய மோட்டார்களைத் தூக்க வேண்டும் என்பதற்காக, 1250 ஆக இருக்கலாம். டேட்டா ஷீட்டின் 12 சதவீதம் அந்த 1250-க்கானது. அதை 1000 மேல் போட்டால் கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஸ்டாண்ட்பை ரேட்டிங்கா (மின்தடை நேரத்துக்கு மட்டும்), பிரைம் ரேட்டிங்கா (வழக்கமான ஓட்டத்துக்கு) என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபால்ட் கணக்குக்கு சாச்சுரேட்டட் (இரும்பு காந்தநிறைவு அடைந்த நிலைக்கான) மதிப்புகளை எடுங்கள்.

அடுத்தது எக்ஸைட்டேஷன் வகை. என் அனுபவத்தில் இதைக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம். பெர்மனன்ட் மேக்னட்டோ துணை வைண்டிங்கோ இருந்தால் மூன்று மடங்கு கரண்ட் தாங்கும். இரண்டும் இல்லாமல், தன் முனைகளிலிருந்தே ஏவிஆர் மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஷன்ட் வகை என்றால், நேரடி ஃபால்ட்டில் முனை வோல்டேஜ் சரிந்ததும் எக்ஸைட்டேஷனும் சரிந்துவிடும். கரண்ட் முழுச் சுமைக்கும் கீழே போய்விடும். அதனால் ஆர்க் தானே அணைந்துவிடும் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நேரடி ஃபால்ட்டுக்கு அது பொருந்தும். ஆர்க் என்பது நேரடி ஃபால்ட் அல்ல. ஆர்க்குக்கென்று ஒரு வோல்டேஜ் உண்டு, 415 வோல்ட் அமைப்பில் அது அற்பமல்ல. ஆகவே ஏவிஆருக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்துக்கொண்டே இருக்கலாம், கரண்ட் எதிர்பார்த்ததைவிட மெதுவாகச் சரியலாம். ஷன்ட் வகை என்று தெரிந்தாலும் நான் 2 நொடி எல்லையை விட்டுக்கொடுப்பதில்லை.

இதே காரணத்தால் வோல்டேஜ் கட்டுப்படுத்தும் ஓவர்கரண்ட் ரிலேயையும், அதாவது 51வி-யையும், சற்று சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஜெனரேட்டருக்கென்றே உருவான பாதுகாப்பு அது. வோல்டேஜ் விழ விழ அதன் பிக்கப் இறங்கும், தேய்ந்த ஃபால்ட் கரண்டையும் பிடிக்கும். ஆனால் ஆர்க்கில் வோல்டேஜ் முழுதாக விழாததால் பிக்கப்பும் முழுதாக இறங்காது. செட்டிங் சரிபார்க்கும்போது வோல்டேஜ் பூஜ்யம் என்று எடுக்காமல், ஆர்க் இருக்கும்போது மிஞ்சும் வோல்டேஜை வைத்துப் பாருங்கள்.

எந்தெந்த நிலைகளுக்குக் கணக்குப் போட வேண்டும்? ஒரு ஜெனரேட்டர் என்றால் எளிது: மின்வாரியம் மட்டும், ஜெனரேட்டர் மட்டும், மாறும் தருணத்தில் இரண்டும் சில கணம் இணையும் அமைப்பு என்றால் இரண்டும் சேர்ந்து. நான்கு செட்டுகள் ஒரே பஸ்ஸில் சிங்க்ரனைஸ் ஆகும் இடத்தில்தான் வேலை கூடும். நான்கும் ஓடும்போது கரண்ட் மிக அதிகம், பிரேக்கர்கள் சட்டென்று திறக்கும். இரவில் ஒரே செட் ஓடும்போது கரண்ட் மிகக் குறைவு, எதுவும் திறக்காமல் போகலாம். மோசமான நிலை இரண்டு முனைகளில் எதிலும் இருக்கலாம், நடுவிலும் இருக்கலாம். மூன்று செட் ஓடும்போது ஆர்க் கரண்ட் ஒரு பிக்கப்புக்கு மயிரிழை கீழே நின்றுவிட்டால் அதுதான் மோசமான நிலை. ஒன்று முதல் நான்கு வரை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பாதி மோட்டார்கள் ஓடாத நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார்கள் தரும் பங்கு முதல் சில சைக்கிள்களுக்குத்தான், என்றாலும் இன்ஸ்டன்டேனியஸ் ட்ரிப் ஆகிறதா இல்லையா என்பதை அதுவே முடிவு செய்யும் இடங்கள் உண்டு.

சிறிய ஜெனரேட்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 240 வோல்ட்டோ அதற்குக் கீழோ, ஃபால்ட் கரண்ட் 2000 ஆம்பியருக்கும் குறைவு என்றால் மூன்று ஃபேஸ் ஆர்க் நீடிப்பதற்கு வாய்ப்பு குறைவு என்று 2018 பதிப்பு சொல்கிறது. முடியாது என்று அது சொல்லவில்லை. இதை 415 வோல்ட் ஜெனரேட்டருக்குக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள், அது செல்லாது. இன்னொரு சிக்கல்: இந்த வோல்டேஜ் வரம்பில் அந்தச் சமன்பாடுகள் 500 ஆம்பியர் முதல் 106 கிலோ ஆம்பியர் வரையிலான ஃபால்ட் கரண்டுக்குத்தான். 62.5 கேவிஏ ஜெனரேட்டரின் தொடக்கக் கரண்ட் 725 ஆம்பியர், சரி. தேய்ந்த பிறகு 260. அது வரம்புக்கு வெளியே. அந்தப் பகுதிக்குச் சமன்பாடு தரும் எண்ணை அப்படியே லேபிளில் எழுதாதீர்கள்.

ஆர்க் எங்கே நடக்கிறது என்பதும் முக்கியம், ஜெனரேட்டரில் இது கொஞ்சம் கொடூரமானது. மெயின் பேனலில் நடந்தால் ஜெனரேட்டர் பிரேக்கர் நடுவில் நிற்கிறது, திறந்தால் முடிந்தது. ஆல்டர்னேட்டரின் டெர்மினல் பாக்ஸிலோ அந்தப் பிரேக்கரின் ஜெனரேட்டர் பக்க முனையிலோ நடந்தால், பிரேக்கர் திறப்பது மற்ற செட்டுகள் ஊட்டுவதை மட்டுமே நிறுத்தும். சொந்த ஜெனரேட்டர் ஊட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் திறப்பதற்கு ஒன்றுமில்லை. டிஃபரன்ஷியல் பாதுகாப்பு (வைண்டிங்கின் இரு முனைகளிலும் ஓடும் கரண்டை ஒப்பிடுவது) இருந்தால் ஒரு சில சைக்கிளில் கண்டுபிடிக்கும், எக்ஸைட்டேஷனை வெட்டும், என்ஜினை நிறுத்தச் சொல்லும். அப்போதும் ஃபீல்டில் தேங்கிய காந்தசக்தி உடனே மறையாது. சிறிய ஆல்டர்னேட்டரில் நொடியின் சிறு பகுதிக்குள் தேய்ந்துவிடும், பெரிய 11 கேவி இயந்திரத்தில் ஒரு நொடியோ அதற்கு மேலுமோ ஆகலாம். இந்த இடத்துக்கு எந்த லேபிள் ஒட்டினாலும், ஓடும்போது டெர்மினல் பாக்ஸைத் திறக்கக் கூடாது என்பதுதான் என் தீர்ப்பு. அளவீடு வேண்டுமென்றால் வெளியே கொண்டுவந்த டெஸ்ட் முனைகளில் எடுக்கட்டும்.

அந்த 2 நொடி அனுமானமும் இங்கேதான் உடைகிறது. ஒலி அடைப்புக் கூண்டுக்குள் என்ஜினுக்கும் சுவருக்கும் இடையே ஒருக்களித்து நின்று வேலை பார்க்கிறவர், ஒற்றைக் கதவு வழியாக 2 நொடியில் விலகிவிடுவார் என்று எழுதுவதற்கு எனக்குக் கை வராது. அப்படிப்பட்ட இடங்களில் பிரேக்கரோ எக்ஸைட்டேஷனோ நிஜமாக நிற்கும் நேரத்தையே எடுக்க வேண்டும், அது 10 நொடி என்றாலும்.

குறைப்பது எப்படி? மேலே சொன்ன அதே பேனலில் பராமரிப்பு நிலை சுவிட்ச் ஒன்று வைத்து, ஜெனரேட்டரில் ஓடும்போது வேலை நடந்தால் இன்ஸ்டன்டேனியஸை 2 கிலோ ஆம்பியருக்கு இறக்கிவிடுங்கள். கரண்ட் முழுதாகத் தேய்ந்தாலும் 2.9 என்பதால் தவற வாய்ப்பில்லை. 0.08 நொடியில் திறந்தால் 1.7 கலோரிக்குள் அடங்கிவிடும். 20-லிருந்து 1.7. விலை: அந்த நேரத்தில் பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆனால் பிரேக்கர் விழுந்துவிடும், பேனல் முழுக்க இருளும். அதை ஆப்பரேட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் இரண்டாவது முறை அந்த சுவிட்சை யாரும் திருப்பமாட்டார்கள். ரிலேயில் இரண்டு செட்டிங் குரூப் இருந்தால், ஜெனரேட்டருக்கு மாறியதும் தானாகவே இரண்டாவது குரூப்புக்குப் போகும்படி செய்யலாம். அதில் ஷார்ட் டைம் பிக்கப்பைத் தேய்ந்த ஆர்க் கரண்டுக்குக் கீழே வையுங்கள். கீழே உள்ள ஃபீடர்களோடு (பேனலிலிருந்து பிரியும் கிளை இணைப்புகளோடு) ஒருங்கிணைப்பு கொஞ்சம் கெடும். ஒரு ஃபீடரில் கோளாறு என்றால் மெயினே விழலாம். நோயாளிகள் நம்பியிருக்கும் மருத்துவமனை போன்ற இடத்தில் அந்த முடிவை மின்பொறியாளர் மட்டும் எடுக்கக் கூடாது.

ஒளியைப் பார்த்து ட்ரிப் செய்யும் ஆர்க் ரிலேக்கள் ஜெனரேட்டருக்கு மிகப் பொருத்தமானவை, ஏனென்றால் அவை கரண்ட் எவ்வளவு என்பதை அவ்வளவாகச் சார்ந்திருப்பதில்லை. ரிலே சில மில்லி நொடியில் முடிவெடுத்துவிடும், மிச்சம் பிரேக்கர் திறக்கும் நேரம்தான். ஆனால் தவறாக ட்ரிப் ஆகாமல் இருக்க ஒளியோடு கரண்டும் வேண்டும் என்று பெரும்பாலும் நிபந்தனை வைத்திருப்பார்கள். அந்தக் கரண்ட் எல்லையை ட்ரான்ஸ்ஃபார்மரை மனதில் வைத்து 5 கிலோ ஆம்பியர் என்று விட்டிருந்தால், ஒரே சிறிய செட் ஓடும் இரவில் ரிலேயின் கண் திறந்திருக்கும், கை கட்டப்பட்டிருக்கும்.

ஆகவே ஆலோசகரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆல்டர்னேட்டரின் டேட்டா ஷீட்டும் எக்ஸைட்டேஷன் வகையும். பிரேக்கர் வளைகோட்டின் மேல் வரைந்த ஜெனரேட்டர் டிக்ரிமென்ட் வளைகோடு, நேரடி ஃபால்ட்டுக்கு ஒன்றும் ஆர்க்குக்கு ஒன்றுமாக. இரண்டும் ஒன்றையொன்று வெட்டாமல் கடந்துபோனால் பிரேக்கர் திறக்காது என்பது ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். மூன்றாவதாக, மின்வாரியத்தில் எவ்வளவு, ஜெனரேட்டரில் எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும் அட்டவணை. லேபிளில் இரண்டையும் அச்சிட்டால், எந்த மூலத்தில் ஓடுகிறது என்பதை வேலை செய்கிறவர் பதற்றத்தில் பார்க்கத் தவறுவார். பெரிய எண்ணை மட்டும் அச்சிடுங்கள், மற்றது அறிக்கையில் இருக்கட்டும். உங்கள் பேனலில் அந்தப் பெரிய எண் ஜெனரேட்டருடையதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.